பதினைந்து விநாடி வேலை

வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் இருக்கிறது ஆல்ட்னகெல்வின் மருத்துவமனை. 2011 டிசம்பரில் அங்கே பச்சிளம் குழந்தைகள் பிரிவில் இருந்த ஒரு குழந்தை, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா தொற்றி இறந்தது. மறு மாதமே பெல்ஃபாஸ்ட் நகரின் ராயல் ஜூபிலி மகப்பேறு மருத்துவமனையில் மேலும் மூன்று குழந்தைகள் இறந்தன. அங்கும் அதே வகைக் கிருமி. சொந்தக்காரர்கள்கூட நினைத்த நேரத்தில் நுழைய முடியாத, கை கழுவாமல் யாரும் குழந்தையைத் தொடாத அறைக்குள் அது எப்படி வந்தது?

கை கழுவிய இடத்திலிருந்துதான் வந்தது. குழாயின் வாயில், தண்ணீர் சிதறாமல் நேராக விழுவதற்காக ஒரு சின்னப் பாகத்தைப் பொருத்தியிருப்பார்கள். உள்ளே நெருக்கமான தடுப்புகள், நிறைய இடுக்குகள். அந்த இடுக்குகளில் கிருமிகள் கிணற்றுப் படியில் பாசி பிடிப்பதுபோலப் படலம் கட்டிக் குடியிருந்தன. குழாய்களைக் கழற்றி ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தவர்கள், அதிகபட்சக் கிருமிகளை எடுத்தது இந்தப் பாகத்திலிருந்தும் அதை ஒட்டிய இடங்களிலிருந்தும்தான். பேராசிரியர் பேட் ட்ரூப் தலைமையில் விசாரணை நடந்தது. குழாய்களை மாற்றினார்கள். குழந்தையின் உடம்பைத் துடைக்கக்கூடக் கிருமி நீக்கிய தண்ணீர்தான் என்று விதி வந்தது.

பணத்துக்கும் படிப்புக்கும் பஞ்சமில்லாத ஊரில் நடந்த கதை இது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வசதியான நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 பேரில் 7 பேருக்கு, வந்த நோயோடு சேர்த்து அங்கேயே ஒரு புதிய தொற்றும் வருகிறது. நம்மைப் போன்ற நடுத்தர, ஏழை நாடுகளில் அது 15 பேர். அப்படித் தொற்று வந்தவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவர் இறந்துபோகிறார். இது எல்லா வயதினரையும் எல்லா வார்டுகளையும் சேர்த்த கணக்கு. ஐ.சி.யு.வில் கிடக்கும் குழந்தையின் நிலைமை இதைவிட மோசம்.

ஏன் என்று புரிந்துகொள்ள, அந்தக் குழந்தையைத் தலைமாட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தால் போதும். வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப். அதன் மறுமுனை வெண்டிலேட்டரில். மூக்கு வழியாக இரைப்பைக்கு இன்னொரு மெல்லிய டியூப். அதில்தான் பால் போகிறது. கழுத்திலோ தொடையிலோ பெரிய ரத்தக்குழாய்க்குள் செருகிய சென்ட்ரல் லைன். ரத்த அழுத்தம் பார்க்க மணிக்கட்டில் ஒன்று. சிறுநீர் இறங்க ஒரு கத்தீட்டர். எல்லாமே உயிரைப் பிடித்து வைத்திருப்பவை; எல்லாமே கிருமிக்கும் வழி. தொண்டையில் டியூப் இருப்பதால் குழந்தையால் இருமித் துப்ப முடியாது. வாயில் ஊறும் எச்சில் டியூபின் ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்குள் இறங்கும். தலைப்பக்கத்தை எப்போதும் உயர்த்தி வைக்கச் சொல்வதும், வாயை அடிக்கடி சுத்தம் செய்யச் சொல்வதும் இதற்காகத்தான்.

குறைமாதக் குழந்தை என்றால் பாடு இன்னும் அதிகம். தாயின் உடம்பில் உள்ள நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் பெருமளவு போய்ச் சேருவது கடைசி மூன்று மாதங்களில். 28 வாரத்திலேயே பிறந்துவிட்ட குழந்தைக்கு அதில் பெரும்பகுதி கிடைக்காது. தோலும் முதிர்ந்திருக்காது. ஒட்டிய பிளாஸ்டரை எடுக்கும்போதே தோல் உரிந்து கையோடு வரும்.

இந்தக் குழந்தைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடிக்கும் என்று காத்திருக்கவும் முடியாது. பல நேரம் உடம்பு சில்லிட்டுப் போகும். காலையில் கொடுத்த பால் செரிக்காமல் தேங்கும். மூச்சு சில விநாடி நின்று மறுபடி வரும். ராத்திரி டியூட்டி சிஸ்டர் போன் எடுத்து, “பேபி டல்லா இருக்கு டாக்டர், ஃபீட் எடுக்கல” என்பார். விவரம் தெரிந்த டாக்டர் அந்த ஒரு வாக்கியத்துக்கே எழுந்து ஓடிவருவார். ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பவேண்டும். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே ஏறக்குறைய 90 மில்லிதான். அதில் ஒரு மில்லி எடுப்பதற்கும் யோசிக்கவேண்டும். எடுத்த ரத்தத்தில் கிருமி வளர்ந்து பெயர் தெரிய ஒன்றிரண்டு நாளாகும். அதுவரை காத்திருந்தால் குழந்தை தங்காது. ஆகவே எது கிருமி என்று தெரியாமலே ஆன்டிபயாட்டிக் ஏறத் தொடங்குகிறது. மருத்துவத்தில் இதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் பின்னால் வரும் பல வினைகளுக்கு விதை இங்கேதான் விழுகிறது.

டெல்லியில் எண்ணிப் பார்த்தபோது

இந்தியாவில் இந்த விஷயத்தைப் பெரிய அளவில் எண்ணிப் பார்த்த ஆய்வு, டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்தது. அங்கே அந்தக் காலத்தில் உயிரோடு பிறந்த 88,636 குழந்தைகளில், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்து ஆய்வுக்குள் வந்தவை 13,530. அவற்றில் 14.3 சதவீதக் குழந்தைகளுக்கு ரத்தத்தில் நச்சேறும் செப்சிஸ் வந்தது. செப்சிஸ் வந்த குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று பிழைக்கவில்லை.

எந்தக் கிருமி என்று பார்த்தால், முதலிடம் அசினெட்டோபாக்டர், 22 சதவீதம். அடுத்தது கிளெப்சியெல்லா 17, ஈ.கோலை 14. அசினெட்டோபாக்டர் காய்ந்த இடத்திலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். குழந்தைக்குச் சூடு தரும் வார்மரின் கைப்பிடி, வெண்டிலேட்டர் பொத்தான், மானிட்டர் ஒயர் எதுவானாலும் அதற்குப் போதும். டெல்லியில் பிடிபட்ட அசினெட்டோபாக்டரில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கு மசியாதது. கிளெப்சியெல்லாவில் 54 சதவீதம்.

அந்த ஆய்வில் இதைவிட அதிர்ச்சியான விஷயம் வேறொன்று. பிறந்த மூன்று நாளுக்குள் வரும் தொற்று தாயின் பிறப்புறுப்புப் பாதையிலிருந்து வருவது, அதற்குப் பிறகு வருவது மருத்துவமனையிலிருந்து வருவது என்று பாடப் புத்தகங்கள் பிரிக்கும். டெல்லியில் தொற்றுகளில் பெரும்பகுதி முதல் மூன்று நாளுக்குள்ளேயே வந்துவிட்டது. முன்னால் வந்ததிலும் பின்னால் வந்ததிலும் கிருமிகள் ஒன்றே. அப்படியானால் குழந்தை ஐ.சி.யு.வுக்குப் போகும்வரைகூடக் கிருமி காத்திருக்கவில்லை. பிரசவ அறையின் மேசை, சளி உறிஞ்சும் டியூப், மூச்சு கொடுக்கும் பலூன் மாஸ்க், தொப்புள்கொடி வெட்டும் கைகள் எல்லாமே சந்தேகத்துக்குள் வருகின்றன.

பிறகு டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையை மையமாக வைத்து ஒரு கண்காணிப்பு வலையமைப்பு உருவானது. நாடு முழுவதும் 26 மருத்துவமனைகளின் 89 ஐ.சி.யு.க்களில் ஒரே அளவுகோலை வைத்து ரத்தத் தொற்றையும் சிறுநீர்த் தொற்றையும் எண்ணி, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். பெரியவர்கள் பிரிவு, குழந்தைகள் பிரிவு எல்லாவற்றையும்விட ரத்தத் தொற்று விகிதம் உச்சத்தில் இருந்தது பச்சிளம் குழந்தைகள் பிரிவில்தான். இப்படி எண்ணச் சம்மதித்த மருத்துவமனைகளைப் பாராட்டத்தான் வேண்டும். ஒழுங்காக எண்ணும் மருத்துவமனைதான் காகிதத்தில் மோசமாகத் தெரியும். எண்ணாத இடத்தில் தொற்று பூஜ்யம். “எங்களிடம் இன்ஃபெக்‌ஷனே கிடையாது” என்று சொல்லும் மருத்துவமனையிடம், யார் எண்ணுகிறார்கள், எப்படி எண்ணுகிறார்கள் என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

ஐந்தே விதி

ஐ.சி.யு. தொற்றுகள் தலையெழுத்து என்றுதான் மருத்துவ உலகமே நீண்ட காலம் நினைத்தது. இத்தனை டியூப் போட்டால் கொஞ்சம் தொற்று வரத்தான் செய்யும் என்பது பேச்சு. அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் அப்போது அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த டாக்டர் பீட்டர் புரோனோவோஸ்ட். சென்ட்ரல் லைன் போடும்போது செய்யவேண்டியவற்றை ஐந்தே வரியில் சுருக்கினார். கை கழுவு. தொப்பி, மாஸ்க், கவுன், கையுறை போட்டு நோயாளியை முழுக்கத் துணியால் மூடு. தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடை. தொடையில் போடுவதை முடிந்தவரை தவிர். தேவை முடிந்ததும் லைனை எடுத்துவிடு.

இதில் எதுவும் புதிதல்ல. எல்லா டாக்டருக்கும் தெரிந்ததுதான். புதிது என்னவென்றால், டாக்டர் ஒரு படியைத் தாண்டினால் “நிறுத்துங்கள்” என்று சொல்லும் அதிகாரத்தை நர்ஸுக்குக் கொடுத்ததுதான். மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யு.க்களில் இதைச் செயல்படுத்தினார்கள். லைன் உள்ளே இருக்கும் ஒவ்வோர் ஆயிரம் நாளுக்கும் சராசரியாக 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்று, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆகச் சரிந்தது. முடிவு 2006இல் வெளியானது. புது மருந்து கிடையாது, புது இயந்திரமும் கிடையாது. நம் ஊர் வார்டில் ஒரு சிஸ்டர் பெரிய டாக்டரைப் பார்த்து “சார், மறுபடி கை கழுவிட்டு வாங்க” என்று சொல்ல முடியுமா என்று யோசித்தால், காகிதத்தில் ஐந்து வரியாக இருப்பது நடைமுறையில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும்.

ஆனால் மிச்சிகன் பாடம் பெரியவர்களுக்கானது. அதை அப்படியே குழந்தைகளுக்குப் பொருத்தியபோது எதிர்பார்த்த அளவு பலன் வரவில்லை. அமெரிக்காவின் 29 குழந்தைகள் ஐ.சி.யு.க்கள் சேர்ந்து காரணத்தைத் தேடின. 2010இல் வெளியான அந்த ஆய்வில் தொற்று விகிதம் 5.4இலிருந்து 3.1 ஆக, அதாவது 43 சதவீதம் குறைந்தது. லைனைச் சுத்தமாகப் போடுவது மட்டும் குழந்தைகளுக்குப் போதாது, போட்ட பிறகு தினமும் அதைப் பராமரிப்பதில்தான் குறைப்பதற்கு நிறைய இடம் இருக்கிறது என்பதே அவர்கள் கண்டது.

காரணம் எளிது. குழந்தைக்கு இன்னொரு ரத்தக்குழாய் கிடைப்பது கஷ்டம். அதனால் ஒரு தடவை போட்ட லைனை வைத்தே பல நாள் ஓட்டுவார்கள். மருந்தும் அதில்தான், குளுக்கோஸும் அதில்தான், சில இடங்களில் டெஸ்டுக்கு ரத்தம் எடுப்பதும் அதில்தான். ஒவ்வொரு முறையும் லைனின் வாயைத் திறக்கவேண்டும். திறக்கும் முன் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அதைக் குறைந்தது 15 விநாடி அழுத்தித் தேய்க்கவேண்டும், பிறகு காயவிடவேண்டும் என்பது பரவலாகக் கற்றுத்தரும் முறை. ஒற்றி எடுத்தால் போதாது, தேய்க்கவேண்டும். 15 விநாடி என்பது நின்று செய்து பார்த்தால் நீளம். பலர் நான்கைந்து விநாடியில் நிறுத்திவிடுவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குழந்தையின் லைனை நாளில் 20 முறை திறந்தால், தேய்க்க 5 நிமிடம், காய இன்னொரு 5 நிமிடம். ஆறு குழந்தைகள் என்றால் ஒரு மணி நேரம். பால் கொடுப்பது, டயபர் மாற்றுவது, சளி உறிஞ்சுவது, சார்ட் எழுதுவது, போன் எடுப்பது எதையும் இதில் சேர்க்கவில்லை. பிரிட்டனில் தீவிர சிகிச்சையில் இருக்கும் ஒரு பச்சிளம் குழந்தைக்கு ஒரு நர்ஸ் என்பது தொழில்முறை அமைப்புகள் வகுத்த அளவு. நம் அரசு மருத்துவமனைகளின் ராத்திரி ஷிப்டில் ஒருவர் எத்தனை வார்மர் பார்க்கிறார் என்பதை அங்கே ஒரு இரவு வராந்தாவில் உட்கார்ந்திருந்த எந்தத் தகப்பனும் சொல்வார். ஒரு வார்மரில் இரண்டு குழந்தைகளைப் படுக்க வைத்திருப்பதையும் பார்த்திருப்பார். அங்கே போய் “15 விநாடி தேயுங்கள்” என்று போஸ்டர் ஒட்டுவது சுலபம். இன்னும் இரண்டு சிஸ்டர்களை நியமிப்பதற்குத்தான் கோப்பு நகரவேண்டும்.

கை கழுவும் விஷயத்திலும் இதே கதைதான். ஜெனீவா மருத்துவமனையில் டாக்டர் டிடியே பிட்டே, ஊழியர்கள் எப்போது கை கழுவுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்துப் பதிவுசெய்தார். வேலை நெருக்கடி கூடக் கூடக் கழுவுவது குறைந்தது. நர்ஸுகளைவிட டாக்டர்கள் மோசம்! சோப்புப் போட்டுக் கழுவ வாஷ்பேசின் வரை நடக்கவேண்டும், நேரமாகும். அதனால் படுக்கைக்குப் பக்கத்திலேயே ஆல்கஹால் திரவத்தை வைத்தார். 1994இலிருந்து 1997க்குள் கை சுத்தம் 48 சதவீதத்திலிருந்து 66 ஆனது. மருத்துவமனைத் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 9.9 ஆக இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் பின்னர் வெளியிட்ட தயாரிப்பு முறையில் ஆல்கஹாலோடு 1.45 சதவீதம் கிளிசரின் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. கை வெடித்தால் யாரும் இரண்டாம் முறை தடவமாட்டார்கள் என்பது தெரிந்தவர்கள் எழுதிய சூத்திரம் அது. கொரோனா வந்தபோது தெருமுனைக் கடைவரை வந்து நின்றது இந்தத் திரவம்தான்.

மருந்துப் பெட்டியில் மிச்சம் என்ன?

தொற்று வந்தபின் கொடுக்க மருந்து இருக்கிறதே என்ற தைரியமும் கரைந்துகொண்டிருக்கிறது. பச்சிளம் குழந்தைக்கு முதலில் கொடுக்கச் சொல்வது ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும். விலை குறைவு, பழகியவை. நம் மருத்துவமனைகளில் பல கிருமிகள் இவற்றைச் சட்டை செய்வதில்லை. அடுத்து மெரோபெனம் போன்ற கார்பபெனம் மருந்துகள். அதற்கும் மசியாவிட்டால் கோலிஸ்டின். 1940களில் கண்டுபிடித்த மருந்து இது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் ஓரங்கட்டியதை, வேறு வழியில்லாமல் மறுபடி எடுத்துத் தூசு தட்டியிருக்கிறார்கள்.

கார்பபெனத்தை உடைக்கும் என்டிஎம்-1 என்ற நொதியின் கதையில் சென்னைக்கும் பங்குண்டு. இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒருவரிடம் 2008இல் ஸ்வீடனில் பிடிபட்ட இந்த நொதி, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிரிட்டனிலும் எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டிய கட்டுரை 2010இல் லான்செட் குழும இதழில் வந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. பெயரில் உள்ள ‘என்டி’ நியூடெல்லியைக் குறித்ததால் டெல்லியில் கொதித்தார்கள். மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் சதி என்ற பேச்சு வந்தது. கிருமியைவிடப் பெயரைப் பற்றித்தான் நிறையப் பேசினார்கள். அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில், டெல்லியில் தேங்கிய நீர் 171 மாதிரிகளில் 51இலும், குழாய்த் தண்ணீர் 50 மாதிரிகளில் 2இலும் அந்த நொதியை உருவாக்கும் மரபணு இருந்தது.

உருப்படியாக நடந்தது 2012 ஆகஸ்டில். டாக்டர் அப்துல் கஃபூரின் முயற்சியில் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டை ஒழுங்குபடுத்த ஒரு திட்டத்தை முன்வைத்தன. ‘சென்னைப் பிரகடனம்’ என்று உலக அளவில் பேசப்பட்டது அதுதான். 2014 மார்ச் முதல் முக்கியமான ஆன்டிபயாட்டிக்குகள் உட்பட 46 மருந்துகள் எச்-1 பட்டியலுக்குள் வந்தன. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுதவேண்டும். எத்தனை மெடிக்கல் ஷாப்பில் அந்தப் பதிவேடு இருக்கிறது என்பது வாசகர்களே சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம்.

புதிய மருந்துகள் வருகின்றன, ஆனால் பெரியவர்களுக்கு. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு பெரியவர்களுக்கென அனுமதி பெற்ற 40 ஆன்டிபயாட்டிக்குகளில் பச்சிளம் குழந்தைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று குறிப்பு இருப்பவை நான்குதான். நோய்வாய்ப்பட்ட சிசுக்களை வைத்துப் பரிசோதனை நடத்த நிறுவனங்களுக்கு லாபமும் இல்லை, துணிச்சலும் இல்லை. பழைய மருந்துகளையே புதுச் சேர்க்கைகளாகக் கொடுத்துப் பார்க்கும் நியோசெப்1 என்ற பன்னாட்டுப் பரிசோதனையை 2024இல்தான் ஆப்பிரிக்காவில் தொடங்கியிருக்கிறார்கள்.

எண்ணெயும் அம்மாவும்

மருந்துக்கு வெளியே இரண்டு நல்ல செய்திகள் கிடைத்திருக்கின்றன.

ஒன்று டாக்காவிலிருந்து வந்தது. அங்குள்ள ஷிஷு மருத்துவமனையில், 33 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைகளின் தோலில் தினமும் சூரியகாந்தி எண்ணெயை மிருதுவாகத் தடவிப் பார்த்தார்கள். எண்ணெய் தடவாத குழந்தைகளோடு ஒப்பிட்டால் மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைவு என்று 2005இல் லான்செட் இதழில் எழுதினார்கள். முதிராத தோலுக்கு எண்ணெய் ஒரு தடுப்பாக நின்றிருக்கிறது. நம் பாட்டிகள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். இது மருத்துவமனையில் அளவோடு, சுத்தமாகச் செய்தது. எல்லா எண்ணெயும் தோலுக்கு நல்லது செய்வதில்லை, அழுத்தித் தேய்ப்பது கூடவே கூடாது.

இன்னொன்று கங்காரு பராமரிப்பு. குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டி வைக்கும் இந்த முறை, 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் குழந்தைகளை நெருக்கிப் படுக்க வைத்துத் தொற்று பரவிக்கொண்டிருந்த மருத்துவமனையில் டாக்டர் எட்கர் ரே தொடங்கியது. ஆனால் குழந்தையின் நிலை சீரான பிறகுதான் தாயிடம் கொடுப்பது வழக்கமாக இருந்தது. ஐ.சி.யு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா நிற்கவேண்டும். அவளைக் கிருமி கொண்டுவருபவளாகவே பார்த்தார்கள்.

டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளும் சேர்ந்து இதை மாற்றிச் செய்து பார்த்தன. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். ஒரு பாதிக்கு வழக்கமான முறை. மறு பாதிக்குப் பிறந்த உடனேயே, உடம்பு தேறும்வரை காத்திராமல், தாயின் மார்பு. வழக்கமான முறையில் முதல் 28 நாளில் 15.7 சதவீதக் குழந்தைகள் இறந்தன. தாயோடு இருந்தவற்றில் 12. செப்சிஸ் சந்தேகமும் 27.8 சதவீதத்திலிருந்து 22.9 ஆகக் குறைந்தது. இதற்கு மேலும் ஒரு பாதிக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பது நியாயமில்லை என்று பரிசோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். முடிவுகள் 2021இல் வெளியாயின. தாயின் தோலில் வாழும் சாதுவான கிருமிகள் முதலில் இடம்பிடிக்கின்றன, தாய்ப்பால் சீக்கிரம் கிடைக்கிறது, வேறு கைகள் தொடுவது குறைகிறது என்பவை மருத்துவர்கள் சொல்லும் காரணங்கள்.

2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனமும் இதையே பரிந்துரைத்தது. அதன்படி நடக்கக் கட்டடம் மாறவேண்டும். நம் பச்சிளம் குழந்தைகள் பிரிவுகளில் வார்மர்களுக்குத்தான் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், தாய்க்குக் கட்டில் கிடையாது. சிசேரியன் முடிந்து இரண்டாம் நாளில் இருப்பவள் நாளில் பதினாறு, பதினேழு மணி நேரம் குழந்தையைச் சுமக்கவேண்டுமென்றால், சாய்ந்து படுக்கக் கட்டில் வேண்டும், பக்கத்திலேயே கழிப்பறை வேண்டும், சாப்பாடு அங்கேயே வரவேண்டும். அவளுடைய தையலைப் பார்க்கும் மகப்பேறு சிஸ்டரும் அந்தப் பிரிவுக்கு வரவேண்டும். இந்தியாவில் மகப்பேறும் பச்சிளம் குழந்தைகள் பிரிவும் வெவ்வேறு டிபார்ட்மெண்ட், பெரும்பாலும் வெவ்வேறு மாடி. அந்தப் பரிசோதனைக்காக அமைத்த பிரிவுகளில் தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே கூரையின் கீழ் சிகிச்சை கொடுக்க ஏற்பாடு செய்த பிறகுதான் முதல் குழந்தையைச் சேர்த்தார்கள்.